ஓடை தெளிந்த வாரம்

ஓடையிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் விடும் மதகைத் திறந்தது அவள்தான். யாரும் கேட்காமலே அதை அவளே பத்துத் தடவை சொல்லிவிட்டாள்.

விடிந்து பார்த்தால் குளம் முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கணவனும் மனைவியும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஆளுக்கொரு கூடையில் அள்ளிப் போட்டார்கள். சுரங்கத்தை இழுத்து மூடிய பிறகு அவனுக்கிருந்த ஒரே பிழைப்பு இந்தக் குளம். "முன்னாடி மண்ணுக்குள்ள இருந்தாரு, இப்ப தண்ணிக்குள்ள. வீட்டுக்குள்ள மட்டும் இருக்கமாட்டாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி செய்வாள். வாய் ஓயாதவள். இன்று அந்த வாயில் ஒரே பேச்சுதான்.

"ஓடைத் தண்ணி கலங்கலா இருந்தா மதகத் தொட்டிருப்பேனாங்க? அடியில கிடக்கிற கூழாங்கல்ல எண்ணிடலாம், அவ்வளவு தெளிவு. குளம் வத்துதேன்னு நேத்து சாயங்காலம் திறந்துவிட்டேன். நானே கொன்னுட்டேன்."

ஓடை ஏன் அப்படித் தெளிந்தது என்று அவனுக்குத் தெரியும். அமிலமேறிப் புளித்த தண்ணீரில் பூச்சி, புழு, பாசி எதுவும் தங்காது. குழந்தைகள் இல்லாத வீடு மாதிரி அது சுத்தமாகத்தான் இருக்கும்.

பதினெட்டு வருடம் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவன் அவன். அடியில் ஊறுகிற நீரை இரவு பகலாக மேலே இறைத்து, புளிப்பு முறியச் சுண்ணாம்பு கலந்து, பிறகுதான் ஓடைக்கு விடுவார்கள். கடைசி நாளில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினான். தண்ணீர் மெல்ல ஏறி, பாறையிலிருக்கும் கந்தகத்தைக் கரைத்து அமிலமாகி என்றாவது ஓடைக்கு வரும் என்று கூட்டாளிகள் பேசிக்கொண்டது அவன் காதிலும் விழுந்தது. ஆறு வருடம் வரவில்லை. இனி வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். வீட்டில் மூச்சு விடவில்லை.

"நீ இல்லம்மா," என்றான். "பம்ப நிறுத்தின அன்னைக்கே எனக்குத் தெரியும், ஒரு நாள் இது வரும்னு."

அவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுமா இங்க குளம் வெட்டுனீங்க?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை. குனிந்து மறுபடி அள்ளத் தொடங்கினாள்.

சட்டென்று அவள் கை நின்றது. கையிலிருந்த மீன் செவுளைத் திறந்து மூடியது.

"என்னங்க, இது உயிரோட இருக்கு."

குளத்தைப் பார்த்தாள். ஓடையைப் பார்த்தாள். வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றாள். குழாயிலும் அந்த ஓடைத் தண்ணீர்தான் வருகிறது.

"இத எங்க விடுறது?"

அவளுடைய இரண்டு உள்ளங்கைகளுக்குள் மீன் வாலை அடித்துக்கொண்டிருந்தது.