பாதித் தாவலில் ஒரு வாள்வீரன்

எழுபத்து நான்கு மணி நேரமாக அந்தச் சிவப்பு வெள்ளை ஃபேமிகாம் வீடியோ கேம் பெட்டி அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. டிவித் திரையில் ஒரு வாள்வீரன் நெருப்புக் குழிக்கு மேலே பாதித் தாவலில் நின்றான். குழிக்கு அப்பால் கடைசிக் கோட்டை. பதிமூன்று வருடத்தில் தத்ஸுனோரி அவ்வளவு தூரம் போனது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோதுகூட ஆட்டத்தை நிறுத்தி வைக்க மறக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தங்கையிடம் சொன்னது ஒன்றுதான்.

"அணைச்சிடாத. வந்து முடிக்கிறேன்."

அந்த ஆட்டத்தில் எதையும் சேமித்து வைக்க முடியாது. மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து.

ஜப்பானில், அமகசாகியின் பிப்ரவரிக் குளிரில் தங்கை கிவாகோ வீட்டுக்குள்ளேயே மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஹீட்டரையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்து மின்சாரம் போகும் வீடு அது. அவள் எதையுமே போடவில்லை. கடையில் வாங்கிய சோற்றுருண்டையைச் சில்லென்றே தின்றாள். அடாப்டர் கை வைக்க முடியாமல் சுட்டபோது செய்தித்தாளால் விசிறினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி, கதவைத் திறந்து திரையைப் பார்க்கும்வரை அவளுக்கு மூச்சு சரியாக வராது.

நேற்று சாயங்காலம் டாக்டர் அவளை மட்டும் தனியறைக்குக் கூப்பிட்டார். மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு என்றார்.

"அண்ணன்கிட்ட வயித்துல புண்ணுன்னே சொல்லிடுவோம்மா. எல்லா வீட்லயும் அப்படித்தான். அவர் தைரியத்தை நாம பறிக்கக் கூடாது."

அவள் தலையாட்டினாள். அப்பா அம்மா போன பிறகு அந்தக் குடும்பத்தில் தலையாட்ட வேறு ஆள் இல்லை. படுக்கையருகே போய், புண்தான், சனிக்கிழமை விட்டுவிடுவார்கள் என்றாள். அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெட்டி ஓடுதா?" என்று மட்டும் கேட்டான்.

ஓடியது. அணைத்தால், அவன் திரும்ப மாட்டான் என்று அவளே தீர்ப்பு எழுதியதுபோல் ஆகிவிடும்.

காலை பத்தரைக்கு போன் அடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவன்தான்.

"வீரன் எங்க நிக்கிறான்?"

"குழிக்கு மேலதாண்ணா. அப்படியே."

"புளுகாத. அன்னிக்கே கால் தட்டி வயரைப் பிடுங்கியிருப்ப. சின்ன வயசுல மூணு தடவை பிடுங்கினவதானே நீ."

"ரெண்டு தடவை. சத்தியமா ஓடுதுண்ணா."

"அப்ப நிரூபி. போனை டிவிகிட்ட வச்சுட்டு உன் மைக்ல பேசு."

இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு சின்ன மைக் உண்டு. பெட்டி ஓடும்போது அதில் பேசினால் குரல் டிவியிலிருந்து வரும். பத்தொன்பது வயதில் முதல் சம்பளத்தில் அவன் இதை வாங்கி வந்த நாளிலிருந்து முதல் கன்ட்ரோலர் அவனுக்கு, மைக் அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பெண் அதில் மட்டும் கத்துவாள். புதுப் புது மெஷின்கள் எத்தனையோ வந்துவிட்டன. மைக் இல்லாத பெட்டி நமக்கு எதற்கு என்று அவன் எதையும் வாங்கவில்லை.

வயர் குட்டை. அவள் பெட்டியின் முன் மண்டியிட்டாள்.

"ஹலோ" என்றது டிவி, கரகரப்பாக.

ரிசீவரைக் காதுக்குக் கொண்டுவந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"கிவா, பக்கத்து பெட்காரருக்கும் வயித்துல புண்ணுதானாம். அவர் சம்சாரம் தினம் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வர்றாங்க. போன் கார்டுல காசு தீரப்போகுது, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நான் வந்து இதை முடிப்பேனா?"

"சனிக்கிழமை வந்து..."

"சனிக்கிழமையைக் கேக்கல. நேரா சொல்ல வாய் வரலைன்னா அதுல சொல்லு. அதுலதான் உனக்குப் பேச வரும்."

அவள் மைக்கின் ஒலியை முழுக்க ஏற்றினாள். ரிசீவரை டிவியோடு ஒட்டிப் பிடித்தாள். திரையில் வாள்வீரன் அந்தரத்தில் அப்படியே நின்றான்.

"புண்ணு இல்லண்ணா" என்றது டிவி. "கேன்சர்."