பம்புக்காரனுக்கு ஆறு தோள்

கழுத்துப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் பார்போராவுக்கு வியர்த்துவிட்டது. அப்பா இளைத்துப் போயிருந்ததால் சட்டை கழுத்தில் நிற்கவில்லை. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டது. "செத்தும் சொன்ன பேச்சு கேக்கமாட்டியா?" என்று முணுமுணுத்தபடி பின்பக்கம் ஓர் ஊசியைக் குத்திவிட்டாள்.

சவப்பெட்டி கொண்டுவந்த வின்சாஸ் வாசற்படியில் நின்று தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பார்போரா, தூக்குற ஆறு பேர் யாரும்மா?"

"வருவாங்க."

"யாருன்னு கேட்டேன்."

அவள் அப்பாவின் தலைமுடியை இன்னொரு முறை சீவினாள். அது ஏற்கெனவே சீவித்தான் இருந்தது.

அந்தச் சுரங்க ஊரில் யார் செத்தாலும் பெட்டி தோளில்தான் மேட்டுத் தெரு ஏறித் தேவாலயம் போகும். சொந்த ரத்தம் பெட்டியைத் தொடக்கூடாது. தொட்டால் செத்தவர் கூடவே கூட்டிப்போய்விடுவார் என்பார்கள். ஆகவே அக்கம்பக்கம்தான் தோள் கொடுக்க வேண்டும். தோள் கிடைக்காத பெட்டிக்கு வின்சாஸிடம் ஒரு தள்ளுவண்டி இருந்தது. ஊர்பேர் தெரியாத பரதேசிகளைத்தான் இதுவரை அதில் ஏற்றியிருக்கிறார். பார்போராவின் அப்பா சிமோனாஸுக்கு இருந்ததோ ஒரே ஒரு மகள். மற்றபடி ஊர் முழுக்கப் பகை.

உண்மையைச் சொன்னால், அவர் போனதில் அவளுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. கரித்தூள் தின்ற நுரையீரல் இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை. நேற்று அந்த இருமல் நின்றது. பக்கத்து அறையில் பிணத்தை வைத்துக்கொண்டு விடியும்வரை அடித்துப் போட்டமாதிரி தூங்கினாள். எழுந்ததும் வெட்கமாக இருந்தது. காப்பி குடித்த பிறகு அதுவும் போய்விட்டது. இப்போது அவளுக்கு இருந்தது ஒரே கவலைதான். அப்பா தள்ளுவண்டியில் போகக்கூடாது.

பக்கத்து வீட்டு அடோமாஸ் கிழவர் உள்ளே வந்தார். சுரங்கத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அதில் இருப்பவர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், சிலுவைக் குறி போட்டார், பார்போரா கொடுத்த தேன்சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தார்.

"வந்தேன், பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது மொறை. தோள் மட்டும் கேக்காத பொண்ணே."

"நான் ஒண்ணும் கேக்கலையே மாமா."

"கேக்க நெனச்ச. மூஞ்சியில எழுதியிருக்கு."

முப்பது வருடத்துக்கு முந்தைய பெரிய வேலைநிறுத்தத்தில் சுரங்கமே காலியாகி வெளியே வந்தபோது, சிமோனாஸ் ஒருவர்தான் உள்ளே போய்த் தண்ணீர் இறைக்கும் பம்பை ஓட்டினார். அன்று ஒட்டிய கருங்காலி என்ற பேர் அப்புறம் உரியவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பார்போராவுக்கும் அதே பேர்தான்.

"தண்ணி ஏறியிருந்தா நீங்க திரும்பிப் போறதுக்குச் சுரங்கமே இருந்திருக்காதுன்னு அப்பா சொல்வாரு."

அடோமாஸ் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் வின்சாஸ் திரும்பிப் பார்த்தார்.

"அந்தத் தண்ணிதாண்டி எங்க கையில இருந்த ஒரே ஆயுதம்! தண்ணி ஏற ஏறத்தான் மொதலாளி எறங்கி வருவான். எம் பொண்டாட்டி புல்லை வேகவச்சுத் தின்னுக்கிட்டு இருந்தா. உங்கப்பன் அந்தத் தண்ணிய இறைச்சுக் கொட்டிட்டு, சம்பளம் வாங்கிட்டு வந்தான்."

அவர் சொன்னதும் சரி, அப்பா சொன்னதும் சரி. சின்ன வயதிலிருந்தே இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பார்போராவுக்கு அலுத்துவிட்டது.

வின்சாஸ் தொண்டையைச் செருமினார். "தேவாலயத்துல சாமியார் காத்திருப்பாரு. வண்டியத் துடைச்சுத்தான் வச்சிருக்கேன். மேல கறுப்புத் துணி போட்டா ஒண்ணும் தெரியாது."

அப்போதுதான் தெருவில் பெண்களின் குரல் கேட்டது. சட்டைத் தொழிற்சாலையில் அவளோடு தையல் மெஷினில் உட்காரும் ஸ்டெஃபா முன்னால் வர, பின்னால் ஐந்து பேர். ஒருத்தியின் பாவாடையில் இன்னும் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வேலைய விட்டுட்டா வந்தீங்க?"

"மெஷினை நிறுத்திட்டு எந்திரிச்சோம். மேஸ்திரி பொளந்த வாய இன்னும் மூடியிருக்க மாட்டான்," என்றாள் ஸ்டெஃபா. "எங்கடி பெட்டி?"

"பொம்பளைங்க பெட்டி தூக்குறதா?" என்றார் அடோமாஸ். "சாமியார் என்ன சொல்லுவாரு?"

"சொல்லட்டும். வாய் வலிச்சா நிறுத்திடுவாரு. ஆம்பளைங்க தோளெல்லாம் எங்க போச்சு மாமா, அடகுக் கடையிலயா இருக்கு?"

கிழவர் முறைத்தார். ஸ்டெஃபா விடவில்லை.

"போன குளிர்ல நாங்க தொழிற்சாலைக் கதவுக்கு வெளிய மறியல் நின்னோமே, தகரப் பீப்பாய்ல நெருப்பு எரிஞ்சுதே, அது தானா எரிஞ்சுதுன்னு நெனச்சீங்களா? இந்த மனுஷன் தினமும் கழிவு மேட்டுல கரி பொறுக்கி, பனிச் சறுக்குப் பலகையில வச்சு இழுத்துக்கிட்டு வருவாரு. மூச்சு வாங்கும். எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டாரு. கருங்காலியாச்சேன்னு நாங்களும் பேசல. ஒரு நாள் மட்டும் சொன்னாரு, 'அணைய விட்றாதீங்க, அணைஞ்சா வீட்டுக்குப் போயிருவீங்க'ன்னு. ஜெயிச்சு உள்ள போனோம். ஒரு நன்றிகூடச் சொல்லல. இப்பத் தூக்கவாவது தூக்குறோம்."

அந்த நாட்களில் அப்பா பலகையை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, யார் என்ன பேசுவார்களோ என்று வரிசையின் கடைசிக்குப் போய் மறைந்துகொண்டவள் பார்போரா. இப்போது ஸ்டெஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வின்சாஸ் நிம்மதியாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு மூடிக்கு ஆணி அறைந்தார்.

தூக்கியபோதுதான் தொல்லை. ஸ்டெஃபா நெட்டை, அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்றவள் குட்டை. பெட்டி சாய்ந்தது. படியிறங்குவதற்குள் இரண்டு முறை சுவரில் இடித்தது. தெருவில் ஆளுக்கொரு பக்கம் அடிவைக்க, பெட்டி தள்ளாடியது.

"அய்யோ, அது என்ன மாவு மூட்டையா?" கத்தியது அடோமாஸ். எத்தனையோ தோழர்களைச் சுமந்த தோள் அவருடையது. கோணலாகப் போகும் பெட்டியை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "நெட்டச்சி பின்னால போ! குட்டைங்க முன்னால! மேட்டுல ஏறும்போது பின்பாரம்தாண்டி ஜாஸ்தி. எல்லாரும் இடது கால வையுங்க. இடது... வலது... அவசரப்படாத!"

பெட்டியை அவர் தொடவில்லை. ஒரு முழம் தள்ளியே நடந்தார், தடியால் தரையில் தட்டி அடியெண்ணிக்கொண்டு. எதிரே வந்த கரி லாரியைத் தடியை நீட்டி நிறுத்தினார். பார்போரா பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.

மேட்டுத் தெரு பாதி ஏறியிருப்பார்கள். ஒரு வீட்டு முன்வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், புதிதாகக் குடிவந்தவள் போலிருந்தது, கவ்வியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"பாவம், யாரு போறது?"

பார்போரா அடோமாஸைப் பார்த்தாள். அவர் வாயில் அப்பாவுக்கு இருந்த பேர் ஒன்றுதான்.

கிழவர் நின்றார். எண்ணிக்கை நின்றது. பெண்களும் நின்றார்கள்.

"சிமோனாஸ்," என்றார். "எங்க பக்கத்து வீடு. பம்பு ஓட்டுனவன்."

பிறகு ஸ்டெஃபா பக்கம் திரும்பி, "என்னடி வேடிக்கை? இடது!" என்றார்.

பெட்டி ஆடாமல் மேலே ஏறியது. பார்போரா குனிந்து பார்த்தாள். அவள் கால்களும் தடியின் தட்டுக்கு ஏற்பத்தான் போய்க்கொண்டிருந்தன, இடது, வலது.