தகர மறைப்பு

பதுளைக்கு ரயில் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இப்றாஹீமுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டேசனுக்குப் போகும் புதுப் பாதையோரம் வரிசையாகக் கடை கட்டுவதென்று முடிவு கட்டிவிட்டான். அங்கே இருந்த அவனுடைய தோப்பு மளமளவென்று சாய்ந்தது. மாங்குயில் போனது, கிளிக்கூட்டம் போனது, மரங்கொத்தியும் போனது. பஜார்க் குப்பையை நம்பி வந்த காகங்கள் மட்டும் பெருகின.

மிஞ்சியது பக்கத்து வீட்டில் இருந்த அவன் தங்கை பலீலாவின் ஜன்னலோர நாவல் மரம் ஒன்றுதான். அவளுடைய கணவன் வாஹித் மவுத்தாகிவிட்டதால், அவள் கைம்பெண் காக்கும் இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அந்த மரப்பொந்தில் ஒரு பெட்டை இருவாச்சிப் பறவையும் அடைந்து கிடந்தது. வாசலைத் தானே பூசி மூடிக்கொண்டு முட்டையிடும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் சின்ன இடுக்கு வழியாகப் பழம் ஊட்டும். வருசா வருசம் வாஹித் அவளை ஜன்னலுக்கு அழைத்துக் காட்டுவான். இந்த வருசம் அவள் தனியாகப் பார்த்தாள். பாவம், அவளுக்கு அந்த ஒரு ஆறுதல்தான்.

மரத்தை வெட்டப் போவதாக இப்றாஹீம் சொன்னபோது பலீலா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பறவைக்காக என்று சொன்னால் ஊர் சிரிக்கும்; புருசன் போன துக்கத்தில் குருவி பார்க்கிறாளாம் என்று பேசும். அதனால் அண்ணனிடம் வேறு காரணம் சொன்னாள்.

"நானா, இத்தா முடியிற வரைக்கும் அந்த மரம் ஈக்கட்டும். ஜன்னலுக்கு மறைப்பு வேணும்."

அவனும் சரியென்றான். இத்தா முடிய ஐம்பது நாள் இருந்தது. அதற்குள் குஞ்சு பறந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

ஒரு வாரம்கூடப் போகவில்லை. காலையில் ஜன்னலுக்கு வெளியே தகரம் அடிக்கும் சத்தம் கேட்டது. அறை இருண்டது. பிறகு கோடரிச் சத்தம். பலீலா பதறிப் போனாள். வெளியே அந்நிய ஆண்கள். குரல் கொடுப்பதா, வேண்டாமா? வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசியில் மனசு கேட்காமல் தகரத்தில் ஓங்கி அறைந்து, "வெட்டாதீங்க!" என்று கத்தினாள். அதற்குள் மரம் முறியத் தொடங்கிவிட்டது.

மத்தியானம் இப்றாஹீம் வந்தான். கடை வேலை தாமதமாகிறது, மறைப்புக்குத் தகரமே போதும் என்றுதான் வெட்டச் சொன்னானாம்.

"உள்ளுக்குப் பெட்டை இருந்திச்சி நானா. குஞ்சும் இருந்திச்சி."

அவன் முகம் வாடிப்போயிற்று. "அத நீ என்கிட்ட செல்லல்லையே தங்கச்சி" என்றான்.

மறுநாள் விடியலில் தகரத்தின் மேல் நகம் கீறும் சத்தம் கேட்டது. கூடவே பழகிய கூவலும் கேட்டது; ஆண் பறவை வந்திருந்தது. மூன்று நாள் வந்தது, அப்புறம் வரவில்லை.

இத்தா முடிந்த அன்று தகரத்தைக் கழற்றினார்கள். தகரத்துக்கு வெளிப்பக்கம் நீண்டிருந்த ஜன்னல் கட்டையில், ஆண் பறவை விட்டுப்போன நாலைந்து அத்திப்பழங்கள் காய்ந்து கிடந்தன. பலீலா அவற்றை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு, உறவினர் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள். வாஹித்துக்காக அழுகிறாள் என்று நினைத்து அவர்களும் அழுதார்கள்.