நுன்சியோ அண்ணன் குத்திவந்த பேட்ஜ்

நுன்சியோ அண்ணனை நான் கரண்டியால் அடித்தேன் என்று தெருவெல்லாம் பேச்சு. ஆமாம், அடித்தேன். ஏன் அடித்தாய் என்று ஒருத்தியாவது வந்து கேட்டாளா?

அன்றைக்குப் புனித ரோக்கோ திருவிழா. என் வீட்டுக்காரர் எஜிதியோவுக்குக் காலையில்தான் குடல்வால் ஆபரேஷன். கைக்குழந்தையோடு உள்ளே விடமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இத்தாலியில் ஒரே ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள் சேர்ந்து வைத்த சங்கம் எங்களுடையது. சீக்காளியைப் பார்த்துவர வாரம் ஒருத்தருக்கு முறை. அந்த வாரம் நுன்சியோ அண்ணன் முறை. அவர் சேதி கொண்டுவரும்வரை தக்காளிக் குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றேன். உயிர் என்னிடம் இல்லை.

சங்கத்து பேட்ஜுக்கு இரண்டு பக்கம். சிவப்பும் ஜரிகையுமாய் ஒரு பக்கம், திருவிழாவுக்கு. மறுபக்கம் கறுப்பு. சங்கத்தில் சாவு விழுந்தால் அதைத் திருப்பிக் குத்துவார்கள்.

மூன்று மாடி ஏறி வந்து, பேச மூச்சில்லாமல், வாசலில் நின்றார் மனுஷன். நெஞ்சில் கறுப்பு.

"ஐயோ, போயிட்டாரா!" நான் போட்ட கூச்சலில் குழந்தை வீறிட்டது.

"யாரு... யாரு போயிட்டா?"

"என் புருஷன்!"

"அடிப்பாவி, அவன் நல்லா இருக்கான்! கண்ணு முழிச்சதும், திங்க என்ன இருக்குன்னு கேட்டானாம். நர்சம்மா சிரிக்குது."

அப்போதுதான் அடித்தேன். தோளில் இரண்டு. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நெஞ்சுல என்னத்தக் குத்திட்டு வந்திருக்கீங்கன்னு பாருங்கண்ணே! அரை நிமிஷத்துல என்னை விதவையாக்கிட்டீங்களே!"

குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் வீட்டுக்காரி பிலொமேனாதான் திருப்பி வைப்பா," என்றார். "இந்த பிராவிடன்ஸ் ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம். ஒருநாள்கூட நான் திருப்புனதில்ல. எடுப்பேன், குத்துவேன், அவ்வளவுதான். மார்ச்சுல அவ சாவுக்கு யாரோதான் கறுப்பைத் திருப்பிக் குத்திவிட்டாங்க. வந்து கழட்டி மாட்டினேன். இன்னிக்கு அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன் போல."

கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, ஊசியைக் கழற்றிச் சிவப்புப் பக்கத்தைத் திருப்பிக் குத்தினேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாத கொன்செத்தா," என்று என் தலையைத் தடவினார் அந்த மனுஷன். "அதான் உன் புருஷன் பொழச்சிட்டான்ல?"