நாற்பத்தொன்றாவது பிளேடு

டர்பைன் சோதனைக்கூடத்தின் தலைவருக்கு, அங்கேயே வேலை பார்க்கும் தங்கை என்றால் உயிர். ஆனாலும் சோதனை அறைக்குள் அவளை "நீங்க" என்றுதான் அழைப்பார். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினார் என்று எந்த நாக்கும் புரளக்கூடாது.

அவள் செய்த சென்சார் இரண்டு முறை வெப்பம் தாங்காமல் வெடித்துவிட்டது. இன்று மூன்றாவது, கடைசி வாய்ப்பு. அதன் ஒளி கடத்தும் நீலக்கல் கம்பி எஞ்சினின் நெருப்பு வயிற்றுக்குள் எட்டிப் பார்த்து, விசிறி இறக்கைகள்போல் சுழலும் பிளேடுகளின் ஒளியைக் கொண்டுவரும். அந்த ஒளியை வைத்து ஒவ்வொரு பிளேடின் சூடும் திரையில் கோடாக ஓடும். வீணாக ஓட்டத்தை நிறுத்தவைத்தால் சென்சார் குப்பைக்குப் போகும்.

எஞ்சின் முழு வேகத்துக்கு ஏறியது. தரை அதிர்ந்தது. ஒரு மணி நேரம் தாண்டியும் கம்பி விரிசல் விடவில்லை. தலைவரின் நெஞ்சு எஞ்சினுக்குப் போட்டியாக அடித்துக்கொண்டது.

அப்போது திரையில் ஓடிய கோட்டில் முள்போல் ஒரு கூர்முனை எழும்பியது. சுற்றுக்கு ஒரு முறை, தவறாமல்.

"கம்பி நுனியில கரி படிஞ்சிருக்கும் சார். ஓட்டத்தை நிறுத்த உங்க தங்கச்சி சென்சாருக்கு ஏதாவது ஒரு சாக்கு வேணுமே" என்றார் எஞ்சினை இயக்கிய ஆபரேட்டர்.

தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கரி படிஞ்சா எல்லா பிளேடும் மங்கலாத் தெரியும். அறுபத்திரண்டுல நாப்பத்தொண்ணாவது மட்டும் சூடேறுது. கரிக்கு எண்ணத் தெரியுமா? நிறுத்துங்க சார்."

"மத்த மீட்டரெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் ஆபரேட்டர்.

அவை பார்ப்பது மொத்தக் காற்றின் சூட்டை; ஒற்றை பிளேடை அல்ல. தலைவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

எஞ்சின் ஆறியதும் உள்ளே கேமராக் குழாயைச் செலுத்தினார்கள். நாற்பத்தொன்றாவது பிளேடைக் குளிர்விக்கும் காற்றுத் துளைகள், வெப்பம் தடுக்கப் பூசிய மேல்பூச்சால் அடைபட்டிருந்தன. ஓரத்தில் முடியளவு விரிசல். இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் எஞ்சின் சுக்குநூறு.

ஆபரேட்டர் எழுந்து நின்று கை தட்டினார். தங்கை சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

தலைவர் சோதனைத் தாளைப் புரட்டினார். பூச்சுக்கு முன் ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் விட்டுப் பார்த்தாகிவிட்டது. பூச்சுக்குப் பின்னும் பார்க்கவேண்டும் என்பது விதி. பார்க்காமலேயே கையெழுத்திட்டவர் தலைவரேதான்.

"பூச்சு போட்டவங்க தலையில கட்டிடலாம் சார்" என்றார் ஆபரேட்டர், குரலைத் தாழ்த்தி.

"கையெழுத்து என்னோடது. எங்க வீட்டுல யாரும் போட்ட கையெழுத்தை மறுத்ததில்லை."

அறிக்கையின் முதல் வரியில் தம் தவறை எழுதினார். இரண்டாம் வரியில், இனி எல்லா எஞ்சினிலும் இந்த சென்சார் பொருத்தப்பட வேண்டும் என்று எழுதி, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி அடிக்கோடிட்டார்.