இரண்டு டன் குளிர்ச்சி

மனைவி வெண்மதி போனதிலிருந்து வளவன் யார் என்ன கேட்டாலும் 'ம்' என்றுதான் சொல்லிவந்தான். சாப்பிட்டாயா என்றால் ம். தூங்கினாயா என்றால் ம். ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறாயா என்றாலும் ம். கேட்டவர்கள் தங்களுக்கு வேண்டிய பதிலை அதிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பதினாறு மாதங்களாக இது நன்றாகவே நடந்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாட்டிக்கொண்டான். ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு பேருக்கு, ஒரே நாளில், ம் சொல்லிவிட்டான்.

முதலில் வந்தவர் மாடி வீட்டுக் கருணாகரன். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர். ஜனவரி முப்பத்தொன்றில் ரிட்டயர்மென்ட். அன்று காலை போனஸ் ஏறியிருந்தது. ஏறிய அரை மணி நேரத்தில் படியிறங்கி வந்துவிட்டார்.

"வளவா, ஒன்கிட்ட அந்த பேங்க் கிரெடிட் கார்டு இருக்குதுல்ல?"

"ம்."

"அத தேச்சா ரெண்டாயிரம் தள்ளுபடியாம். ஏசி வாங்கறேன். ரெண்டு டன்னு! பாதி வெல! நாளைக்கி ஒனக்கு ஆஃப் தான? வந்து ஒரு தேய்ப்பு தேச்சிட்டுப் போயிடு. பணத்த அங்கியே ஒன் கையில குடுத்துர்றேன்."

"ம்."

கருணாகரனுக்கு ஆஃபர் என்றால் உயிர். பாதி விலை என்று எழுதியிருந்தால் போதும், எதற்குப் பாதி என்று பார்க்கமாட்டார். அவர் வீட்டுப் பரணில் சப்பாத்தி மேக்கர் ஒன்று, கால் பிடித்துவிடும் மெஷின் ஒன்று, இலவசமாக வந்த மிக்சி மூன்று. எதுவும் பிரித்ததில்லை. பிரித்துவிட்டால் வாரண்டி தொடங்கிவிடும் என்று அவருக்கு ஒரு பயம்.

மாலையில் அவர் மனைவி கஸ்தூரியம்மாள் ஒரு கிண்ணத்தில் மோர்க்குழம்போடு வந்தார்.

"ஏன் தம்பி, அவரு கார்டு கேட்டாரா?"

"ம்."

"தர்றேன்னுட்டியா?"

"ம்."

"நல்லா சொன்ன போ." கிண்ணத்தை மேசைமேல் சத்தமாக வைத்தார். "வடக்குத்து கிராமத்துல வூடு கட்டி வச்சிருக்கோம். மாடி மொட்டையா கெடக்குது. வெறும் காங்கிரீட்டு. மழ பெஞ்சா கூடத்துல ரெண்டு எடத்துல சொட்டுது. வெயிலடிச்சா உள்ள அடுப்பு மாதிரி இருக்குது. மேல தட்டோடு பதிக்கணும்னு ரெண்டு வருஷமா கத்திக்கினு இருக்கேன். ரிட்டயர்மென்ட் பணம் அந்த வூட்டுக் கடனுக்கே சரியாப் பூடும். இதான் கடைசி போனஸு. இத வுட்டா அந்த மாடிக்கு ஓடே கெடையாது. பிப்ரவரில குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு ஒழுகற வூட்டுலதான் போயி ஒக்காரணும்."

வளவன் மோர்க்குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கி கடையில, கார்டு வேல செய்யலன்னு சொல்லிடு. என்னா?"

"ம்."

அவர் நிம்மதியாகப் படியேறினார். மேலேயிருந்து கருணாகரன் விசிலடிக்கிற சத்தம் கேட்டது. தெர்மல் மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் வேலை வளவனுக்கு. இரண்டு அலாரம் ஒன்றாக அடித்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு இருவரும் பைக்கில் மெயின் பஜாருக்குப் போனார்கள். கடை தீபாவளிக்காகப் பந்தலை ரோடு வரைக்கும் நீட்டியிருந்தது. வாசலில் 'இன்றே கடைசி' என்று ஒரு பெரிய பேனர். வளவன் நாலு நாளாக அந்த பேனரை ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாலு நாளும் இன்றே கடைசியாகத்தான் இருந்தது.

கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரப் பையன் கருணாகரனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். மைன்ஸ் ஆட்களை அவனுக்கு நடையிலேயே தெரியும் போலிருந்தது.

"வாங்க சார். நேத்து நீங்க பாத்தது இது தான். எழுபத்தொண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. ஆஃபர்ல முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. கார்டுக்கு ரெண்டாயிரம் கழிவு. மிக்சி ஃப்ரீ."

"மிக்சி எத்தினி ஜாரு?"

"மூணு ஜார் சார்."

கருணாகரன் வளவனைப் பெருமையாகப் பார்த்தார்.

"பீஸ் ரெண்டே ரெண்டு தான் சார் இருக்கு," என்றான் பையன். அவன் முதுகுக்குப் பின்னால் அதே பெட்டிகள் பந்தல் கூரை வரை அடுக்கியிருந்தன.

"எத்தன ஸ்டார்?" என்று வளவன் கேட்டான். அவனே எதிர்பார்க்கவில்லை.

"டூ ஸ்டார் சார்."

"ஸ்டாரு என்னாத்துக்குடா நமக்கு?" கருணாகரன் கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "கரி வெட்டறது நாம. கரண்ட் எடுக்கறது நீ. குவார்ட்டர்ஸ்ல என்னிக்காவது பில்லப் பாத்து நெஞ்சப் புடிச்சிருக்கமா?"

அது உண்மைதான். கரண்டுக்காகச் சம்பளத்தில் பிடிக்கிற தொகையை டவுன்ஷிப்பில் யாரும் கண்ணால் தேடிப் பார்ப்பதில்லை. வராந்தா விளக்கு பகலிலும் எரியும். ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள். வளவன் எட்டு மணி நேரமும் மெகாவாட்டையே பார்த்துக்கொண்டிருப்பவன். ஒரு யூனிட் என்ன விலை என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற ஊரில் அது யாருக்கும் தெரியாது.

கருணாகரன் மிக்சி ஜாரைத் தட்டிப் பார்க்கப் போனார். வளவன் விலைச் சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். மேல் சீட்டு லேசாக உரிந்தது. அடியில் இன்னொரு சீட்டு. 34,500. சீட்டை மறுபடி ஒட்டிவைத்தான்.

"பில் போட்டுரலாமா சார்? கார்டு?"

கருணாகரன் திரும்பிப் பார்த்தார். வளவன் சட்டைப் பையில் கை வைத்தான். கார்டு அங்கே இருந்தது. கடைசியாக அதைத் தேய்த்தது வெண்மதிக்காக, ஆஸ்பத்திரி கவுன்டரில். அதற்குப் பிறகு அதற்கு வேலை வரவில்லை. வேலை செய்கிறதா இல்லையா என்று நிஜமாகவே அவனுக்குத் தெரியாது.

"அண்ணே," என்றான். "மொதல்ல ஒரு டீ குடிப்போம்."

அது வெண்மதியின் வழக்கம். எதை வாங்கப் போனாலும், எல்லாம் பேசி முடித்து, கடைக்காரன் பில் புத்தகத்தை எடுக்கும்போது, "இருங்க, டீ குடிச்சிட்டு வர்றோம்" என்று வெளியே வந்துவிடுவாள். டீ குடித்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் திரும்பிப் போவாள். பெரும்பாலும் பஸ்ஸைப் பார்த்துத்தான் நடப்பாள். வளவனுக்கு அப்போதெல்லாம் வெட்கமாக இருக்கும். கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் ஏதாவது சொல்வார்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர்கள் வீட்டில் தேவையில்லாத பொருள் ஒன்றுகூடச் சேரவில்லை.

டீக்கடை வீரம்மாளுடையது. தினமும் வடக்குத்திலிருந்து வந்து போகிறவர்.

"என்னா கருணாகரண்ணே, பந்தலுக்குள்ள பூந்துட்டு வர்ற மாதிரி தெரியுது? என்னா வாங்கன?"

"ஏசி, வீரம்மா! ரெண்டு டன்னு!"

"எந்த வூட்டுக்கு?"

"நம்ம வூட்டுக்குத்தான்."

"அதான், எந்த வூட்டுக்கு? இங்கியா, எங்கூருக்கா?"

கருணாகரன் டீயை ஊதினார்.

"எம் மவன் போன சித்திரையில இப்படித்தான் ஒண்ண வாங்கியாந்து மாட்டனான்," என்றார் வீரம்மாள். "ரெண்டு மாசத்துக்கு பில்லு ஏழாயிரத்து எட்நூறு வந்துது. ஐநூறு யூனிட்ட தாண்டிட்டா ரேட்டே வேறயாம். அன்னிலேருந்து அதுக்கு மேல ஒரு துணியப் போத்தி வச்சிருக்கேன். ரிமோட்ட இடுப்புல சொருகிக்கினு சுத்தறேன், எவனாவது போட்டுறப் போறான்னு. ராத்திரி படுக்கக்கொள்ள தலவாணிக்கு அடியில."

"ரெண்டு டன்னா அது?" என்று கேட்டான் வளவன்.

"ஒண்ணுதான் தம்பி. ரெண்டா இருந்தா நான் டீக்கடைய வித்துருப்பேன்."

கருணாகரன் உஷாரானார். "அது வடக்குத்துல. நான் மொதல்ல குவார்ட்டர்ஸ்லதான மாட்டப் போறேன்?"

வளவன் விரல் விட்டு எண்ணினான். பதினாறு மாதத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"இப்ப ஐப்பசி. மழ. அடுத்தது கார்த்திக. அதுவும் மழ. மார்கழி பனி. தை மாசக் கடைசியில நீங்க காலி பண்றீங்க. இந்த நாலு மாசத்துல குவார்ட்டர்ஸ்ல எந்த நாள்ணே ஏசி போடுவீங்க? கம்பளியப் போத்திக்கினா?"

வீரம்மாள் சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது.

"வெயில் வர்றப்ப நீங்க வடக்குத்துல. பில்லு ஒங்க பேர்ல," என்றான் வளவன். "அப்புறம், அந்த ஸ்டிக்கருக்கு அடியில இன்னொரு ஸ்டிக்கர் இருக்கு. முப்பத்துநாலாயிரத்து ஐநூறு. தீபாவளிக்குத்தான் ஏத்தியிருக்கான்."

கருணாகரன் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"நீ அவ ஆளாடா? அவ சொல்லிக் குடுத்து அனுப்பிச்சாளா?"

"ம். அக்கா கார்டு வேல செய்யலன்னு சொல்லச் சொன்னாங்க."

"வேல செய்யலியா?"

"தெரியலண்ணே. செய்யும்னுதான் நெனைக்கிறேன்."

வீரம்மாள் அடுப்பைத் துடைப்பதுபோலக் கிட்டே வந்து நின்றுகொண்டார்.

கருணாகரன் ரோட்டைப் பார்த்தார். கம்பெனி பஸ் ஒன்று போனது. பிறகு தணிந்த குரலில் பேசினார்.

"முப்பத்துநாலு வருஷம்டா. சித்திர வெயில்ல அந்த பெல்டு பக்கத்துல நிக்கணும். கீழ கரி கொதிக்கும், மேல சூரியன் கொதிக்கும். வூட்டுக்கு வந்தா ஃபேன் அந்த சூட்டையே சுத்தி வுடும். ரிட்டயராயி ஒரு மத்தியானமாவது ஜில்லுனு படுக்கணும்னு நெனச்சன். தப்பா?"

"தப்பில்ல," என்றான் வளவன்.

"பின்ன?"

"மேல வெறும் காங்கிரீட்ட வச்சிக்கினு கீழ எத்தன டன் போட்டாலும் குளிர் ஏறாதுண்ணே. வெயில உள்ள வுட்டுக்கினே எறைக்கிற மாதிரி. அக்கா சொல்றது மழைக்கு மட்டும் இல்ல."

கார்டை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தான்.

"இந்தாங்க. தர்றேன்னு ஒங்ககிட்டயும் சொன்னேன். பின் நம்பர் எழுதித் தர்றேன். நான் இங்கியே ஒக்காந்திருக்கேன்."

கருணாகரன் கார்டை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று பந்தலுக்குள் போனார். வீரம்மாள் தலையிலடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, கையில குடுத்துட்ட? அந்தப் பொம்பள பாவம்." வளவன் இன்னொரு டீ கேட்டான். சர்க்கரை அதிகமாக இருந்தது. பதினாறு மாதத்துக்குப் பிறகு, அதிகமாக இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்தது.

பத்து நிமிஷம் ஆயிற்று. பந்தலுக்குள்ளிருந்து கருணாகரனின் குரலும் பையனின் குரலும் மாறிமாறிக் கேட்டன. கடைசியில் அவர் வெறுங்கையோடு வந்தார். கார்டை வளவனின் பையில் திணித்தார்.

"ஏசி வேணாம், மிக்சிய மட்டும் ஃப்ரீயா குடுன்னேன். தரமாட்டானாம்."

"நாலாவது மிக்சியா?" என்றார் வீரம்மாள்.

"மூணு ஜாரு வீரம்மா!"

பைக்கில் உட்கார்ந்ததும், "தட்டோடு எங்க விக்கிது?" என்று கேட்டார். எங்கே என்று வளவனுக்கும் தெரியாது. வீரம்மாள்தான் வழி சொன்னார்: கும்பகோணம் ரோட்டில், வடக்குத்து தாண்டுவதற்கு முன்னால், இடது கைப்பக்கம் ஒரு கிடங்கு.

அங்கே பந்தல் இல்லை, பேனர் இல்லை. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் ஓடுகள் அடுக்கியிருந்தன. கிடங்குக்காரர் அருள்நாதன் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னா வெல?" என்று கருணாகரன் எழுப்பினார்.

"ஓடு ஒண்ணு பதினாலு ரூவா."

"தீபாவளி ஆஃபரு?"

"அதெல்லாம் இல்லீங்க. யாரு இந்த மழையில மாடிக்கு ஓடு வாங்கறாங்க? நீங்க வாங்கனாலும் கொத்தனார் பொங்கலுக்கு அப்பறந்தான் ஏறுவான். தை, மாசியில வாங்க, அப்ப வரிசையில நிப்பாங்க. வெலயும் பதினாறாயிடும்."

கருணாகரனின் காது நிமிர்ந்ததை வளவன் பார்த்தான்.

"அப்ப இப்ப ஒனக்கு யாவாரமே இல்ல?"

அருள்நாதன் பூனையைப் பார்த்தார். "நீங்கதான் பாக்கறீங்களே."

"ஆயிரத்து நூறு ஓடு வேணும். மொத்தப் பணமும் இன்னிக்கே, இங்கியே. ஓடு பத்து ரூவா."

"கட்டாதுங்க. பன்னண்டரை."

"பத்தரை. தார்ப்பாய் வாடகை ஒனக்கு மிச்சம்."

"பதினொண்ணுக்குக் கீழ போனா நான் தூங்கிடுவேன்."

பதினொன்றில் முடிந்தது. வளவன் கையைக் காட்டி, "அண்ணே, டீ?" என்றான்.

"போடா! இதுக்கு மேல டீ குடிச்சா இந்தாளு முழிச்சிக்குவான்," என்று கருணாகரன் பணத்தை எண்ணினார்.

ஓட்டைத் தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும் என்று அருள்நாதனே சொல்லிக்கொடுத்தார். நல்ல ஓடு கணீர் என்று கேட்கும், வெடித்தது சொத்தென்று கேட்கும். கருணாகரன் தார்ப்பாய்க்குள் குனிந்து ஒவ்வொன்றாகத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். கால் மணி நேரத்தில் சட்டை முழுக்கச் செம்மண். வளவனும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தட்டத் தொடங்கினான்.

வாடகை வண்டியில் ஏற்றி முடித்தபோது அருள்நாதன் ஓரமாகக் கொஞ்சம் ஓடுகளை அடுக்கினார். "இது இருவது. வழியில ஒடையும், பதிக்கறப்ப ஒடையும். அதுக்கு ஈடு. காசு வேணாம்."

"காசு வேணாமா?"

"வேணாங்க."

கருணாகரன் உடனே போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். தூறலில் நனைந்துகொண்டே, வண்டிக்காரருக்கும் பூனைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"கஸ்தூரி! இருவது ஃப்ரீ!"



"இருவது என்னாத்தய்யா வாங்கித் தொலச்ச?" என்று கஸ்தூரியம்மாள் அலறியது வளவன் நின்ற இடம் வரை கேட்டது.

கருணாகரன் போனை வண்டிக்குள் நீட்டி, ஓடு ஒன்றை எடுத்து, அதன் பக்கத்தில் வைத்து விரலால் சுண்டினார். கணீர் என்றது.