மரண உதவிச் சங்கத்தில் ஒரு வெள்ளைக்காரர்

ஹென்க் மாத்தயாவுக்குச் சாவதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. எழுபதைத் தாண்டியாயிற்று; முழங்கால் இரண்டும் ஏற்கெனவே இடமாற்றம் கேட்டு மனுப் போட்டிருந்தன. அவருடைய கவலை அதற்குப் பிந்தைய காரியம். சொர்க்கமா நரகமா என்பதல்ல, பெட்டியை யார் தூக்குவது என்பது.

அந்தக் கவலையை மூட்டிவிட்டவர் ஒரு நோர்வேக்காரர். பக்கத்துக் கடற்கரை ஊரில் அறை எடுத்துக் காலமெல்லாம் தனியாக இருந்த மனிதர், போன வருடம் ஒரு காலையில் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக் குளிரறையில் கொண்டுபோய் வைத்தார்கள். தூதரகம் மகனைக் கேட்க, மகன் தாயைக் கேட்க, தாய் தன் மூன்றாவது புருஷனைக் கேட்க, மனிதர் கேட்பாரில்லாமல் விறைத்துக் கிடந்தார். கடைசியில் ஏற்றுமதி மீன் போகிற விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள் என்று பேச்சு. மீனை வரவேற்க அங்கே ஆள் வந்திருந்தது, இவரை வரவேற்க வரவில்லை என்றும் பேச்சு.

சரி, சொந்த ஊருக்கே போய்ச் சாகலாம் என்றால் அது இதைவிட மோசம். ஒல்லாந்தின் ரொட்டர்டாமில் செத்த வீட்டுக்கு அழைப்பு வந்தால்தான் போகலாம். ஒரு கோப்பை கோப்பி, ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினால் செத்தவரே எழும்பி உட்கார்ந்து பார்ப்பார். அடுத்த பிணம் வாசலில் காத்திருக்கும்.

அவர் இப்போது குடியிருக்கும் இலங்கைத் தென்கரைக் கிராமமான போல்வத்துமுல்லவில் அப்படி இல்லை. இங்கே ஒருவருக்கு மூச்சு இழுக்கிறது என்று கேள்விப்பட்டாலே போதும், மரண உதவிச் சங்கத்தின் கூடாரம், கதிரைகள், வெள்ளைக் கொடிகள், யானை குளிக்கிற அளவு அண்டா எல்லாம் வாசலில் வந்து இறங்கிவிடும். டாக்டர் வந்து நாடியைப் பார்த்து “இன்னும் இருக்கிறார்” என்று சொன்னதால், கட்டிய கூடாரத்தை முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துக்கொண்டு போனதும் நடந்திருக்கிறது. அந்த நோயாளி மேலும் ஆறு வருடம் இருந்தார். சங்கம் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தச் சங்கத்தில் சேர்ந்துவிட வேண்டும். ஹென்க்குக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். ஆனால் சேருவதற்குச் சங்கத் தலைவர் தலையாட்ட வேண்டும். தலைவர், சந்தியில் இரும்புக்கடை வைத்திருக்கும் எட்வின் முதலாளி. அவருடைய தலை ஹென்க்கைக் கண்டால் பக்கவாட்டில் மட்டும்தான் ஆடும்.

அதற்குக் காரணம் இருந்தது. நல்ல காரணம்.

ஹென்க் ரொட்டர்டாம் நகரசபையில் சத்தம் அளக்கும் உத்தியோகம் பார்த்தவர். யார் வீட்டு நாய் எவ்வளவு குரைக்கலாம் என்பதற்குச் சட்டம் உள்ள ஊர் அது. நாய்களுக்கும் அந்தச் சட்டம் தெரியும் என்பார். ஓய்வுக்குப் பிறகு அமைதியாக இருக்கலாம் என்று மாத்தறைக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்த ஒரு வீட்டுக்குக் குடிவந்தார். முதல் நாள் விடியலில் பன்சலை என்கிற புத்த கோயிலின் ஒலிபெருக்கி. அது ஓய்ந்ததும் ஒரே மெட்டை அலறிக்கொண்டு பாண் ரொட்டி விற்கிற முச்சக்கர வண்டி. பிறகு மீன்காரன், லொத்தர்ச் சீட்டுக்காரன், மயில். இருட்டியதும் தவளை. நினைவாகக் கொண்டுவந்திருந்த சத்தமானியை எடுத்து ஜன்னலில் வைத்தார். முள் கடைசிக் கோடு வரை ஓடி அங்கேயே படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அது எழும்பவே இல்லை.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மரியாதையைத்தான் பொறுக்க முடியவில்லை. கடையில் ஏறினால் கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். அழுகின பூசணிக்காயைத் தெரிந்தெடுத்தாலும் “நல்ல காய், மாத்தயா” என்று, வாய்க்கு வாய் ஐயா போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். ஒருநாள் சந்தியில் வைத்து அவர் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றது. அவ்வளவு மரியாதை.

அந்த மரியாதைதான் அவரைக் கவிழ்த்தது. வந்த வருடமே எட்வின் முதலாளியின் தாய் செத்துப்போனார். ஹென்க் அப்போது ஓர் ஆசிரியையிடம் சிங்களம் படித்துக்கொண்டிருந்தார். அந்த வாரப் பாடம், விடைபெறுதல். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார், திறந்த பெட்டிக்கு முன்னால் நின்றார், எட்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார், செவிடருக்கும் விளங்குகிற மாதிரி உரக்கச் சொன்னார்: “போயிட்டு வாறேன் முதலாளி. சீக்கிரம் திரும்பச் சந்திப்போம்.”

செத்த வீட்டில் இதைச் சொல்லக்கூடாது என்று நம்மைப் போலவே அங்கேயும் கைக்குழந்தைக்குத் தெரியும். கூரையில் ஓடிய விசிறி ஒரு சுற்று நின்றுவிட்டுப் பிறகு சுற்றியது. பெட்டியில் கிடந்த கிழவியின் புருவம் உயர்ந்ததைக் கண்டதாக இரண்டு பேர் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்கள். ஆனால் வெள்ளைக்காரரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்து வழியனுப்பினார்கள்.

மூன்று மாதத்தில் அதே வீட்டில் எட்வினின் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். ஹென்க் போனார். அதையே சொன்னார், உச்சரிப்பு முன்னைவிடத் தேறியிருந்தது. அடுத்த வருடம் அத்தை. அன்றைக்கு ஹென்க் படலையைத் திறந்ததுமே அந்த வீட்டில் மிச்சமிருந்த கிழடுகளெல்லாம் பின்வாசலால் ஓடிவிட்டன.

அத்தையின் சாவிலிருந்து திரும்பி வந்த ஹென்க், பக்கத்து வீட்டு ரூபாவதி அக்காவிடம் வேலிக்கு மேலால் பெருமையடித்தார். “இண்டைக்கு ஒரு பிழையும் இல்லாமச் சொன்னேன் அக்கா. போயிட்டு வாறேன் எண்டு.”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த ரூபாவதி அக்கா துருவுவதை நிறுத்தினார்.

“உங்களுக்கென்ன விசரா? அந்த வீட்டுல ரெண்டு பேர அனுப்பியாச்சு. இன்னும் யாரக் கூப்பிடப் போறீங்க?”

விஷயத்தைக் கேட்ட ஹென்க் மாத்தயா இருந்த வெள்ளையைவிட வெள்ளையானார். “ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல?”

“வெள்ளைக்காரருக்கு யார் சொல்லுறது? பாவம், ஒண்ணும் விளங்காத ஆள் எண்டு விட்டாங்க.”

“நீங்க மட்டும் சொல்லுறீங்க?”

“என்ட வீட்டுல மாமியார் படுக்கையில. அவ போற நேரம் நீங்க வந்து இதச் சொன்னா, அடுத்தது நான் தானே.”

வந்த நாளிலிருந்து அவரை முகத்துக்கு நேரே திட்டிய முதல் மனுஷி ரூபாவதி அக்காதான். ஹென்க்குக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல இருந்தது. இன்னும் ஏதாவது பிழை உண்டா என்று ஆவலாகக் கேட்டார். ரூபாவதி அக்கா கஞ்சத்தனம் பார்க்கவில்லை. சாரம் கட்டுகிற லட்சணத்தில் தொடங்கி, இடது கையால் சாமான் கொடுப்பதைத் தொட்டு, அவர் சமைக்கிற பருப்பின் வாசம் வரைக்கும் வந்து, மாமியார் கூப்பிட்டதால்தான் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு வாழ்க்கை ஏறுமுகம்தான். அக்கா ஊருக்குள் சொல்லி வைத்தார்: “அந்தாளத் திட்டலாம். கோவிக்கமாட்டார்.” ஊர் அதற்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மீன்காரன் “இது உங்களுக்கு வேணாம், நேத்தைய மீன்” என்றான். சாரம் மறுபடி அவிழ்ந்தபோது சந்தியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, யாரோ ஒரு பெல்ட்டைக் கழற்றி எறிந்தார்கள். பாண் வண்டி ருக்மல், “நேத்துக் காணல்ல, செத்துட்டீங்களோ எண்டு நினைச்சேன்” என்று அன்பாக விசாரிக்கிற அளவுக்கு முன்னேற்றம். மகளின் கல்யாணத்துக்கு ரொட்டர்டாம் போனவருக்கு அங்கே நிசப்தத்தில் தூக்கம் வரவில்லை. ரூபாவதி அக்காவுக்குப் போன் எடுத்து, “கொஞ்சம் ஜன்னல் பக்கம் பிடிங்க” என்று கெஞ்சி, மயிலையும் பாண் வண்டியையும் கேட்டபடிதான் கண்ணயர்ந்தார்.

ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் வெங்காயம் உரிக்க முதலில் போய் உட்காருவது அவர்தான். வேலை முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கள்ளனைப் போல நழுவிவிடுவார். அந்தப் பழக்கதோஷத்தில் மகளின் கல்யாணத்திலிருந்துகூடச் சொல்லாமல்தான் வந்தார்.

இருந்தும் எட்வின் முதலாளியின் தலை பக்கவாட்டிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் பௌர்ணமிப் போயா தினத்துப் பிற்பகலில், பன்சலை மண்டபத்தில். புதியவர்களைச் சேர்க்கிற கட்டம் வந்ததும் ரூபாவதி அக்கா எழும்பி ஹென்க்கின் பெயரைச் சொன்னார். எட்வின் முதலாளி தொண்டையைச் செருமினார்.

“சங்கம் இருக்கிறது செத்த ஆக்களுக்கு உதவ. ஆக்களச் சாகடிக்கிறவருக்கு இல்ல.”

“உங்க பெரியப்பாவுக்குத் தொண்ணூத்து நாலு வயசு, முதலாளி” என்றார் ரூபாவதி அக்கா. “அவரே பெட்டிய வாங்கிக் கட்டிலுக்குக் கீழ வச்சு, மாசாமாசம் தூசு தட்டிக்கொண்டு இருந்தார்.”

“தட்டினவர் இன்னும் பத்து வருசம் தட்டியிருப்பார்.”

பின்வரிசையிலிருந்து ருக்மல் எழும்பினான். “இவர்ட ஒல்லாந்து ஆக்கள் அந்தக் காலத்துல காலி டவுன்ல கோட்டையக் கட்டிட்டு, போகக்குள்ள போயிட்டு வாறோம் எண்டா சொன்னாங்க? சொல்லாமத்தான் போனாங்க. அப்பிடியும் இந்தாள் வந்துட்டார் தானே. வாறது சொன்னாலும் வரும், சொல்லாட்டியும் வரும்.”

மண்டபம் சிரித்தது. எட்வின் சிரிக்கவில்லை.

“இவர் செத்தா மக வந்து தூக்கிக்கொண்டு போவா. நாங்க கூடாரத்தக் கட்டிட்டு யாருக்குக் காவல்?”

ஹென்க் எழும்பினார். “மகளுக்குச் சொல்லிட்டேன், முதலாளி. நான் இங்கதான். என்ன மீனோட அனுப்பாதீங்க. அதுதான் நான் கேக்கிறது, வேற ஒண்ணும் இல்ல.”

எட்வின் மேசையைத் தள்ளிவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“நீ என்ட அம்மாட பெட்டிக்கு முன்னால நிண்டு என்ன சொன்னாய்? இத்தனை வருசமா நான் அம்மாட பேருல பிக்குமாருக்குத் தானம் குடுக்கிற நேரம் கண்ண மூடினா அம்மாட முகம் வரல்ல. உன்ட முகம்தான் வருது. சிரிச்சுக்கொண்டு வருது.”

ஹென்க் ஓரடி முன்னால் வைத்தார்.

“அண்டைக்கே ஒரு அறை விட்டிருக்கலாம் தானே, முதலாளி?”

“வெள்ளைக்காரர அறையிறதா?”

“ஊர் ஆளா இருந்தா?”

“ஊர் ஆளா இருந்தா உன்ட வாயில பல்லு இருந்திருக்காது.”

“அப்ப இப்ப அறையுங்க.” ஹென்க் போய் அவர் முன்னால் நின்று கன்னத்தைக் காட்டினார்.

எட்வின் கையை ஓங்கினார். ஓங்கின கை ஹென்க்கின் மார்பு வரைக்கும்தான் வந்தது. ஹென்க்கின் உயரத்துக்குத் தென்னை மரங்களே குனிந்து வழிவிடும். எட்வினோ, கடையில் மேல்தட்டுச் சாமானைத் தடியால் தட்டி விழுத்துகிறவர்.

“குனி” என்றார் எட்வின்.

“முழங்கால் மடங்காது. நீங்க ஏறுங்க.”

யாரோ ஓடிப்போய்ச் சங்கத்துக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆயிரம் சாவு கண்ட கதிரை. நான்கு காலும் நான்கு அபிப்பிராயம். எட்வின் ஏறினார், ஆடினார். விழுந்துவிடப் போகிறாரே என்று ஹென்க் இரண்டு கையாலும் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பன்சலையின் இளம் பிக்கு, சின்ன ஹாமுதுரு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

அறை விழுந்தது. புறாக்கள் கூரையை விட்டுப் பறந்தன. மாத்தறை பஸ் நிலையத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஹென்க்கின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து, எட்வினின் மோதிரம்கூடத் தெரிந்தது. ஆனாலும் அவர் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

எட்வின் கதிரையில் நின்றபடியே நீளமாக மூச்சு விட்டார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் திறக்கவில்லை. திறந்தபோது முகத்தின் சிவப்பு இறங்கியிருந்தது.

“அடுத்த விசயம் என்ன?”

“இந்த விசயம் இன்னும் முடியல்ல” என்றார் ரூபாவதி அக்கா. “சேத்தாச்சா, இல்லையா?”

“என்னக்கா கேள்வி இது? வெளி ஆக்களுக்கு யாராவது கை நீட்டுவாங்களா?” என்று சிடுசிடுத்தார் எட்வின். “டேய், என்ன இறக்கி விடு.”

சொந்தத்தில் கல்லறை இல்லாதவர் சங்கத்தில் சேர்ந்தால், இடத்தைக் காட்டிக் கொடுப்பது தலைவரின் கடமை. மறுநாள் வெயில் தாழ எட்வின் முதலாளி ஹென்க்கை மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மதிலோரமாக ஓர் இடத்தைக் காட்டினார்.

“இது நல்லம்.”

“பின்னேர வெயில் நேர அடிக்குது” என்றார் ஹென்க்.

“செத்தவனுக்கு வெயில் என்ன, மழை என்ன?”

“அப்ப நீங்க இதுல படுங்க.”

எட்வின் பல்லைக் கடித்துக்கொண்டு முந்திரி மரத்தடிக்கு நடந்தார். ஹென்க் பின்னாலேயே போய் அண்ணாந்து பார்த்தார்.

“பழம் விழும். பழத்துக்கு ஆடு வரும்.”

“ஆடு வந்தா கதைச்சுக்கொண்டு இரு. உனக்குத்தான் யார்கூடவும் கதைக்க வருமே.”

“அந்த மூலை யாருக்கு, முதலாளி? கடல் காத்து நல்லா வருது.”

எட்வின் அந்தப் பக்கம் போனார். அங்கே வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய ஒரு கல்லறை. அதன் பக்கத்தில் புல் வெட்டித் துப்புரவாக வைத்த வெறும் நிலம்.

“அம்மா. பக்கத்துல இது எனக்கு.”

ஹென்க் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். கல்லறையைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் நின்றார். சரி, மதிலோரமே போதும் என்று திரும்பப் போனார்.

“நில்” என்றார் எட்வின். அந்த வெறும் நிலத்தைப் பார்த்தார், ஹென்க்கின் நீண்ட கால்களைப் பார்த்தார், மறுபடி நிலத்தைப் பார்த்தார். அலமாரியில் இடம் பார்க்கிற கடைக்காரனின் பார்வை.

“நான் அம்மா பக்கமாக் கொஞ்சம் தள்ளிப் படுக்கிறேன். நீ இந்த ஓரத்துல கிட. ஆனா ஒண்ணு, காலத் தூக்கி என் மேல போடக்கூடாது.”